பழைய நின்டெண்டோவில் எந்த கேமில் தொடங்குவது? எல்லாமே ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொன்னால்: பழைய நின்டெண்டோ என்இஎஸ் கன்சோலும் ஒரு பெட்டி கேசட்டும் கைக்கு வந்திருக்கின்றன. புதிய எல்இடி டிவியில் மாட்டினால் மரியோவில் இரண்டாவது உலகத்தைக்கூடத் தாண்ட முடியவில்லை. அந்தக் காலத்து கேம்கள் உண்மையிலேயே இவ்வளவு கடினமா, எதில் தொடங்கி எந்த வரிசையில் ஆடலாம்?

சில கேம்கள் கடினம்தான், மறுக்கவில்லை. ஆனால் மரியோவில் இரண்டாவது உலகத்திலேயே ஒருவர் திணறினால் நான் முதலில் சந்தேகப்படுவது டிவியைத்தான். அதைச் சரிசெய்துவிட்டு, ஒரு கேமில் கை கற்றுக்கொண்டது அடுத்த கேமில் பயன்படும்படி வரிசை போட்டுக்கொண்டால், இந்தக் கன்சோலின் நல்ல கேம்களில் பெரும்பாலானவற்றை முடித்துவிடலாம்.

டிவி விஷயம் இதுதான். அமெரிக்க, ஜப்பானிய கன்சோல்கள் நொடிக்கு சுமார் 60 படங்கள் வரைகின்றன. ஒரு படத்துக்கு 16.7 மில்லிசெகண்ட். பட்டனை அழுத்திய ஓரிரண்டு படத்துக்குள் மரியோ தரையை விட்டுக் கிளம்பிவிடுவார். படக்குழாய் டிவி வந்த சிக்னலை அப்படியே திரையில் போடும், சேமித்து வைத்துக் காட்டாது. எல்இடி டிவி அப்படியில்லை. படத்தை வாங்கிப் பெரிதாக்கி, மெருகேற்றி, பிறகுதான் காட்டும். இதில் 100 மில்லிசெகண்ட் போனால் ஆறு படம் போய்விட்டது. பள்ளத்தின் ஓரத்தில் சரியாகத்தான் அழுத்தியிருப்பீர்கள், கேமுக்குள் மரியோ ஏற்கெனவே விழுந்திருப்பார்.

இன்னொரு சிக்கல், கன்சோல் தருவது 240பி சிக்னல், அதாவது ஒவ்வொரு முறையும் 240 கோட்டில் முழுப் படம். பல டிவிகள் அதை 480ஐ, அதாவது பாதிப் பாதியாக மாறி மாறி வரும் படம், என்று தவறாக எடுத்துக்கொண்டு, இரண்டிரண்டு படங்களை ஒன்றாகப் பின்னப் பார்க்கும். தாமதம் கூடுவது மட்டுமில்லை, அடிபட்டதும் மின்னி மின்னித் தெரிய வேண்டிய உருவம் சில டிவிகளில் மொத்தமாகவே மறைந்துவிடும். மற்ற நேரங்களில் உருவங்கள் மின்னுவதற்கு டிவி காரணமில்லை. கிராபிக்ஸ் சிப்பால் ஒரு கிடைக்கோட்டில் எட்டு ஸ்பிரைட்டுக்கு (நகரும் சிறு படத்துண்டு) மேல் காட்ட முடியாது. அதைவிட அதிகமாக வந்தால், எதை விடுவது என்பதை ஒவ்வொரு படத்துக்கும் மாற்றி மாற்றிப் போடும்படி கேமை எழுதியிருப்பார்கள். எதிரிகள் கூடும்போது திரை படபடப்பது அதனால்தான். கன்சோல் பழுதில்லை.

முதலில் டிவியின் கேம் மோடை ஆன் செய்யுங்கள். படத்தை வழுவழுப்பாக்கும் மோஷன் அமைப்புகள் எல்லாவற்றையும் அணையுங்கள். தாமதத்தை அளக்க ஒரு எளிய வழி உண்டு. நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷன் வசதி உள்ள போனில், கட்டைவிரலும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி வீடியோ எடுங்கள். பட்டன் அடிவரை இறங்கிய இடத்திலிருந்து மரியோ எழும் இடம் வரை எத்தனை வீடியோ படம் என்று எண்ணி நான்கால் வகுத்தால், கேம் கணக்கில் எத்தனை படம் தாமதம் என்று தெரிந்துவிடும். இரண்டு மூன்று என்றால் கவலை வேண்டாம். ஐந்து, ஆறு என்று வந்தால் நடுவில் ஒரு அப்ஸ்கேலர் (பழைய சிக்னலைத் தாமதமில்லாமல் புதிய டிவிக்கு மாற்றித் தரும் சிறு பெட்டி) போடுவது நல்லது. வாங்கும்போது கம்போசிட் (மஞ்சள் நிற வீடியோ பிளக்) உள்ளீடு இருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் ஆன்டெனா வழியைத் தவிர என்இஎஸ் தருவது அது மட்டும்தான். ரெட்ரோடிங்க் வகையில் 2எக்ஸ், 5எக்ஸ் இரண்டும் கம்போசிட் ஏற்கும். ஓஎஸ்எஸ்சி என்ற இன்னொரு அப்ஸ்கேலர் ஏற்காது. படக்குழாய் டிவி கிடைத்தால் இந்தத் தலைவலியே இல்லை.

பவர் விளக்கு நொடிக்கு ஒரு முறை அணைந்து அணைந்து எரிந்தால் கன்சோல் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். கன்சோலுக்குள் இருக்கும் பூட்டுச் சிப்பும் கேசட்டில் இருக்கும் அதன் ஜோடியும் பேசிக்கொள்ள முடியாவிட்டால், அந்தச் சிப் நொடிக்கு ஒரு முறை கன்சோலை ரீசெட் செய்யும். கிட்டத்தட்ட எப்போதும் காரணம் அழுக்குத் தொடுமுனைதான். 90 சதவீதத்துக்கு மேல் உள்ள ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்து, முனைகளின் நீளவாக்கில் இரண்டு பக்கமும் தேயுங்கள். முதல் குச்சி சாம்பல் நிறமாக வரும். குச்சி வெள்ளையாக வரும்வரை தொடர்ந்து, பத்து நிமிடம் காயவிட்டுப் போடுங்கள். கேசட்டைத் திறந்து துடைக்க கேம்பிட் என்ற 3.8 மில்லிமீட்டர் சிறப்பு ஸ்குரூடிரைவர் வேண்டும். வாயால் ஊதுவதை விட்டுவிடுங்கள். ஊதியதும் வேலை செய்ததாகத் தோன்றுவது, கழற்றி மாட்டியதில் முனைகள் புதிதாகப் பொருந்தியதால். மூச்சின் ஈரம் பச்சை பிடிக்கத்தான் உதவும்.

சுத்தமான கேசட்டைப் போட்டும் விளக்கு மின்னினால் உள்ளே இருக்கும் 72 முனைக் கனெக்டரைப் பாருங்கள். அதைக் கழற்றிக் கொதிக்கும் நீரில் சில நிமிடம் போட்டு எடுத்து, ஒரு முழு நாள் காயவைத்தால் பெரும்பாலும் உயிர் பெற்றுவிடும். மலிவான புதிய கனெக்டர் கடைசி வழியாகவே இருக்கட்டும். பல கேசட்டை விடாமல் கவ்விப் பிடித்துக்கொள்ளும், இழுக்கும்போது பயமாக இருக்கும்.

அடாப்டரில் மட்டும் கவனம் தேவை. அமெரிக்க என்இஎஸ் அடாப்டர் தருவது 9 வோல்ட் ஏசி. ஃபேமிகாமுக்கு, அதாவது இதே கன்சோலின் ஜப்பானியப் பதிப்புக்கு, வேண்டியது 10 வோல்ட் டிசி, நடுமுனை நெகட்டிவ். பிளக் இரண்டிலும் பொருந்திவிடும். என்இஎஸ் அடாப்டரை ஃபேமிகாமில் சொருகினால் உள்ளே சேதம்தான்.

இனி கேம்கள்.

1985-இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸில்தான் தொடங்க வேண்டும். மொத்தமே 40 கிலோபைட். மேகமும் புதரும் ஒரே படம், நிறம் மட்டும் வேறு என்று இடத்தை மிச்சம் பிடித்து, மரியோவை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோவின் குழு 32 ஸ்டேஜ்களை அதற்குள் அடக்கியது. நான் இதை முதலில் வைப்பதற்குக் காரணம் அதன் பெருமை இல்லை, மரியோ ஓடிக் குதிக்கும் விதம்தான். பி பட்டனை அழுத்திக்கொண்டே ஓடுவதும், ஏ பட்டனை எவ்வளவு நேரம் பிடிக்கிறோமோ அவ்வளவு உயரம் எழுவதும், ஓட்டத்தின் வேகம் குதிப்பிலும் தொடர்வதும் இங்கே பிடிபட்டால் மற்ற பாதி கேம்களுக்கு அடிப்படை கிடைத்துவிட்டது. புதிதாக ஆடுபவர்கள் பெரும்பாலும் பயத்தில் நடந்துபோய்க் குதிப்பார்கள். அப்படித்தான் விழுகிறார்கள். கட்டைவிரலின் நுனி பி மேலும் அதன் கணு ஏ மேலும் கிடக்கும்படி பிடியுங்கள். பி-யை விடாமலே ஏ-வை அழுத்த வரும்.

தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு விஷயங்கள். லைஃப் எல்லாம் தீர்ந்தபின், முதல் திரையில் ஏ-வை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் கொடுத்தால் விட்ட உலகத்தின் முதல் ஸ்டேஜிலிருந்து தொடரலாம். கன்சோலை அணைத்தால் இது போய்விடும். அடுத்தது, 3-1 (மூன்றாம் உலகம், முதல் ஸ்டேஜ்) முடிவில் படிக்கட்டில் ஆமை ஓட்டை மிதித்து மிதித்து லைஃப் சேர்ப்பது. அளவோடு நிறுத்துங்கள். எண்ணிக்கை 127-ஐத் தாண்டினால் கணக்கு எதிர்மறையாகி, அடுத்த சாவிலேயே ஆட்டம் முடிந்துவிடும். 1-2, 4-2 குறுக்குவழிகளை முதல் தடவையில் தொடாதீர்கள். நேராக எட்டாம் உலகத்தில் போய் இறங்கினால் அங்கே கேட்கப்படுவது எதையும் கை கற்றிருக்காது.

அடுத்து சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3. என்னைக் கேட்டால் இந்தக் கன்சோலின் மிகச் சிறந்த கேம் இதுதான். ஒவ்வொரு ஸ்டேஜும் ஒரே ஒரு புது எண்ணத்தை எடுத்து, ஓரிரு நிமிடம் அதைப் புரட்டிப் போட்டுக் காட்டிவிட்டு முடிந்துவிடும். எதுவும் தேவைக்கு மேல் இழுக்காது. ஒரே குறை, சேமிக்கும் வசதி இல்லை. எட்டு உலகத்தையும் ஒரே அமர்வில் முடிப்பது கடினம், அதனால் வேறு உலகத்துக்குத் தாவவைக்கும் விசில்கள் தேவைப்படும். 1-3-இல் ஒரு வெள்ளைக் கட்டை வரும். அதன்மேல் நின்று கீழ் பட்டனைப் பிடித்துக்கொண்டே இருந்தால் மரியோ காட்சிக்குப் பின்னால் போய்விடுவார். அப்படியே ஸ்டேஜின் முடிவுக்கு ஓடினால் ஒரு விசில். முதல் உலகக் கோட்டையில் ரக்கூன் வாலோடு கூரைக்கு மேலே பறந்து வலப்பக்கம் போனால் இன்னொன்று. ஒரு விசிலை ஊதி, வந்து சேரும் வார்ப் உலகத்திலேயே மற்றொன்றையும் ஊதினால் எட்டாம் உலகம். என் பரிந்துரை, ஒரு அமர்வில் ஒன்று முதல் நான்கு வரை ஆடுங்கள், அடுத்த அமர்வில் ஒரு விசிலால் இரண்டாம் உலகத்துக்குப் போய், அங்கே மற்றொன்றை ஊதி ஐந்திலிருந்து தொடங்குங்கள்.

இடையில் கை தளர்ந்தால் 1993-இல் வந்த கிர்பீஸ் அட்வென்ச்சர் போடுங்கள். 768 கிலோபைட், முதல் மரியோவைப் போல் ஏறக்குறைய 19 மடங்கு. பேட்டரி சேமிப்பும் உண்டு. கன்சோலின் கடைசிக் காலத்தில் அதிலிருந்து எவ்வளவு கறந்தார்கள் என்று பார்க்க இதுபோதும்.

மெகா மேன் 2 (1988) பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் திறமைக்குச் சமமாக வரிசையும் முக்கியம். எட்டு பாஸ்களில் (ஸ்டேஜின் முடிவில் வரும் பெரிய எதிரிகள்) யாரையும் முதலில் சந்திக்கலாம். ஒருவரை வென்றால் அவருடைய ஆயுதம் உங்களுக்கு, அது இன்னொருவருக்கு எமன். அமெரிக்கப் பதிப்பில் நார்மல், டிஃபிகல்ட் என்று இரண்டு நிலை இருக்கும். கூச்சப்படாமல் நார்மல் எடுங்கள்.

முதலில் மெட்டல் மேன். அவர் தரும் மெட்டல் பிளேடு எட்டுத் திசையிலும் பாயும், நான்கு வீச்சுக்கு ஒரு புள்ளிதான் செலவாகும். ஆயுதத்தின் மிச்ச சக்தியைக் காட்டும் கம்பி நிரம்பியிருந்தால் 28 புள்ளி, அதாவது 112 வீச்சு. இதற்குப் பிறகு கேமின் சுபாவமே மாறிவிடும். இரண்டாவது பபிள் மேன், அதே பிளேடால். ஆனால் அவர் அறையின் கூரை முழுக்க முள், தண்ணீருக்குள் குதி உயரமாகப் போகும், ஏ-வை மெதுவாகத் தட்டுங்கள். மூன்றாவதாக ஏர் மேனை சாதாரண துப்பாக்கியால் நெருங்கி நின்று சுட்டுத் தள்ளுங்கள். அடி விழும், இருந்தாலும் நார்மலில் நீங்கள் முந்திக்கொள்ளலாம். அவரிடம் போவதன் காரணமே ஐட்டம் 2 என்ற பறக்கும் பலகை. நான்காவதான ஹீட் மேனின் ஸ்டேஜில் தோன்றி மறையும் கட்டைகளின் நீண்ட வரிசை ஒன்று வரும், பலர் கேசட்டை எடுத்து வைத்துவிடும் இடம் அது. பலகையில் ஏறி அதை அப்படியே தாண்டிவிடலாம். ஹீட் மேனுக்கு, பபிள் மேனிடம் கிடைத்த பபிள் லெட். ஐந்தாவது வுட் மேனுக்கு ஹீட் மேனின் அட்டாமிக் ஃபயரை முழுமையாக சார்ஜ் செய்து, ஆறாவது கிராஷ் மேனுக்கு ஏர் ஷூட்டர், அவர் குதிக்கும்போது. பிறகு ஃபிளாஷ் மேனுக்கு மெட்டல் பிளேடு.

குயிக் மேன் கடைசியாக இருக்கட்டும். அவருடைய ஸ்டேஜில் பட்டால் உடனே சாவு என்னும் லேசர் கற்றைகள் சுவரிலிருந்து வரும். ஃபிளாஷ் மேனின் டைம் ஸ்டாப்பர் அவற்றை உறைய வைக்கும். அதே ஆயுதம் முழுக் கம்பியோடு இருந்தால் குயிக் மேனின் உயிரில் பாதியைக் கரைக்கும். இரண்டுக்கும் சேர்த்துப் போதாது, ஒருமுறை தொடங்கினால் கம்பி தீரும்வரை நிற்கவும் செய்யாது. லேசர்களை மனப்பாடம் செய்துவிட்டு ஆயுதத்தைப் பாஸுக்கு வைத்துக்கொள்வது நல்லது. எங்கே நிற்காமல் விழ வேண்டும் என்பது நாலைந்து முயற்சியில் பதிந்துவிடும்.

எட்டு பேரையும் வென்றபின் வரும் வில்லன் வைலியின் கோட்டையில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. நான்காவது ஸ்டேஜின் முடிவில் சுவரில் பதிந்த பீரங்கிகள், அவற்றுக்கு கிராஷ் பாம் மட்டுமே. முழுக் கம்பியில் ஏழு குண்டுதான், வழியில் ஒன்றை வீணாக்கினாலும் கணக்கு உதைக்கும். கடைசியில் வரும் வேற்றுக்கிரகவாசியை பபிள் லெட் மட்டுமே காயப்படுத்தும், அதை நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள். எட்டு பாஸ்களையும் மறுபடி சந்திக்கும் அறையில் மெட்டல் மேனுக்கு அவருடைய பிளேடையே வீசிப் பாருங்கள், ஓரிரண்டு அடியில் முடிந்துவிடும்.

இதற்குப் பிறகு காசில்வேனியா. மரியோவில் கற்ற ஒன்றை இங்கே மறக்க வேண்டும். இதன் நாயகன் சைமன் தரையை விட்டுக் கிளம்பிவிட்டால் நடுவானில் திசை மாற்ற முடியாது. அடிபட்டால் பின்னால் தூக்கி எறியப்படுவார், சாவுகளில் பெரும்பகுதி எதிரியால் இல்லை, அந்தப் பின்தள்ளலில் பள்ளத்தில் விழுந்துதான். எனவே பள்ளத்துக்குப் பக்கத்தில் ஓடாதீர்கள், நின்று சாட்டையால் வழியைச் சுத்தம் செய்துவிட்டுக் குதியுங்கள். புனித நீர் கிடைத்தால் விடாதீர்கள். தரையில் எரியும் நேரம் முழுக்க எதிரியை அசையவிடாது. அதைச் சரியாக வீசத் தெரிந்தால் பல பாஸ்கள் நகரக்கூட முடியாமல் சாவார்கள். செத்தால் துணை ஆயுதம் போய்விடும், துணை ஆயுதத்துக்குச் செலவாகும் இதயங்கள் ஐந்துக்கு இறங்கும், சாட்டை குட்டையாகிவிடும். பதினைந்தாவது ஸ்டேஜில் கோடரி வீரர்கள் நிற்கும் நடைபாதையும் அதன் முடிவில் வரும் மரண தேவனும்தான் உச்சகட்டச் சோதனை. தொடரும் வாய்ப்புக்கு வரம்பில்லை என்பதால் பொறுமை இருந்தால் முடித்துவிடலாம்.

லெஜண்ட் ஆஃப் ஜெல்டாவுக்கு விரல் வேகத்தைவிடக் காகிதம் தேவை. மேல் உலகம் அகலத்தில் 16, உயரத்தில் 8, ஆக 128 திரைகள். கட்டம் போட்ட தாளில் அதேபோல் வரைந்துகொண்டு, குகை, கடை, சந்தேகப்படும் சுவர் என்று குறித்தபடி ஆடினால் இந்த கேம் தன் முழு அழகையும் காட்டும். நீல மெழுகுவர்த்தி ஒரு திரைக்கு ஒரு முறைதான் எரியும், புதரை எரித்துத் தேடும்போது திரையை விட்டு வெளியே போய்த் திரும்பி வர வேண்டும். முதல் ஆட்டம் முடிந்தபின் பெயரை ஜெல்டா என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் பதிந்தால், நிலவறைகள் எல்லாம் மாறிய இரண்டாவது ஆட்டம் நேரடியாகத் திறக்கும்.

சேமிப்பில்தான் பலர் மோசம் போகிறார்கள். சாகாமலே சேமிக்க, பொருள்கள் காட்டும் திரையைத் திறந்து, இரண்டாவது கன்ட்ரோலரில் மேல் பட்டனையும் ஏ-வையும் சேர்த்து அழுத்துங்கள். சேமித்தபின் ரீசெட்டை அழுத்திப் பிடித்தபடியே பவரை அணையுங்கள். மின்சாரம் இறங்கும் அந்தக் கணத்தில் பிராசசர் தாறுமாறாக எதையாவது எழுதிச் சேமிப்பைக் கெடுக்கும், ரீசெட் அதை அசையாமல் பிடித்துவைக்கும். இவ்வளவு செய்தும் மறுநாள் காணவில்லை என்றால் கேசட்டுக்குள் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும். மல்டிமீட்டரில் 3 வோல்ட் பக்கத்தில் காட்ட வேண்டும், 2.5-க்குக் கீழே என்றால் மாற்றுங்கள். தகடு பற்றவைத்தே வரும் பேட்டரியை வாங்குங்கள். சாதாரண பேட்டரி மேலேயே சால்டரிங் வைத்தால் சூட்டில் கெடும், வெடிக்கவும் கூடும். பழையதைக் கழற்றும் முன் பலகையில் பிளஸ் எந்தப் பக்கம் என்று ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். பழைய சேமிப்பு இருந்தால் அது போய்விடும்.

டெட்ரிஸ் எந்த வரிசையிலும் சேராது, தினமும் பத்து நிமிடம் ஆடலாம். இதில் கட்டையைப் பிடித்துவைக்கும் வசதியோ, விழும் இடத்தைக் காட்டும் நிழலோ இல்லை. பக்கவாட்டு பட்டனைப் பிடித்தால் கட்டை ஒரு கட்டம் நகர்ந்து, 16 படம் காத்திருந்து, பிறகு ஆறு படத்துக்கு ஒரு கட்டம் என நகரும். அதனால் வேகம் கூடும்போது பிடிப்பதைவிடத் தட்டுவதே வேலைக்கு ஆகும். நேர்க்கட்டைக்கான பள்ளத்தை வலது ஓரத்தில் விடுங்கள். லெவல் தேர்வில் ஏ-வைப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் கொடுத்தால் பத்து லெவல் கூடும். லெவல் 29-இல் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரிசை இறங்கும். மனிதரால் அதற்குமேல் முடியாது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 2023 டிசம்பரில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் லெவல் 157 வரை போய், கேமே உறைந்து நிற்கும்படி செய்தான்.

பஞ்ச் அவுட் முழுக்க முழுக்க நேரக்கணக்கு, அதனால் தாமதம் சரியாகும்வரை தொடவே வேண்டாம். ஒவ்வொரு குத்துச்சண்டை வீரரும் அடிக்கும் முன் கண்ணாலோ தோளாலோ காட்டிக்கொடுப்பார். கிங் ஹிப்போ வாய் திறக்கும்போது முகத்தில் குத்தினால் கால்சட்டை நழுவும், உடனே வயிற்றில். ஒரு முறை விழுந்தால் எழ மாட்டார். பால்ட் புல் துள்ளித் துள்ளிப் பாய்ந்து வரும்போது கடைசிக் கணத்தில் வயிற்றில் ஒரு குத்து, விழுந்துவிடுவார். மைக் டைசன் முதல் 90 நொடிக்கு வீசும் மேல்குத்து ஒன்றே போதும், நீங்கள் தரையில். அதுவரை அடிக்கும் ஆசையை விட்டு விலகிக்கொண்டே இருங்கள்.

இருவர் ஆட கான்ட்ரா. முதல் திரையில் மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ, பிறகு இருவருக்கு செலக்ட், கடைசியில் ஸ்டார்ட். மூன்றுக்குப் பதில் 30 லைஃப் வரும். அருவி ஸ்டேஜில் மேலே இருப்பவர் வேகமாக ஏறினால் கீழே இருப்பவர் திரைக்கு வெளியே போய்ச் செத்துவிடுவார், பேசிக்கொண்டு ஏறுங்கள். எஸ் என்ற எழுத்துள்ள விரிதோட்டாவை, அதிகம் சாகாதவருக்கு விட்டுக்கொடுப்பதே லாபம்.

நிஞ்ஜா கைடன், கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸ், பேட்டில்டோட்ஸ் மூன்றையும் இவை எல்லாம் முடிந்தபின் எடுங்கள். நிஞ்ஜா கைடனின் கடைசி பாஸிடம் தோற்றால் 6-1-க்கே திருப்பி அனுப்பும். கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸை இரண்டு முறை முடித்தால்தான் உண்மையான முடிவு. பேட்டில்டோட்ஸின் அமெரிக்கப் பதிப்பில் இருவராக ஆடி பதினோராவது ஸ்டேஜ் வரை போனால், ஒரு பிழையால் இரண்டாவது ஆட்டக்காரரின் கன்ட்ரோலர் அங்கே வேலை செய்யாது. அதைத் தனியாகவே ஆடுங்கள். பெட்டியில் டக் ஹன்ட்டும் துப்பாக்கியும் இருந்தால் அவற்றுக்குப் படக்குழாய் டிவி கட்டாயம். விசையை அழுத்திய கணம் திரை கறுத்து, வாத்து இருக்கும் இடத்தில் ஒரே ஒரு படத்துக்கு வெள்ளைக் கட்டம் வரும், துப்பாக்கி தேடுவது அந்த வெளிச்சத்தை. எல்இடி டிவி அதைக் காட்டும்போது துப்பாக்கி தேடி முடித்திருக்கும்.